இத்தனை அனுபவம் இருந்தும் அவர் ஏன் இன்னும் உதவியாளர்?

சிட்னிக்கு அருகே ஒரு குழந்தைகள் மையத்தில் டிப்ளமோ பயிற்சி எடுத்துவரும் தமிழ்ப் பெண் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் மையத்தில் பழங்குடிப் பெண்மணி ஒருவர் பல ஆண்டுகளாக வேலை செய்கிறார். அழுகிற குழந்தை அவர் மடிக்குத்தான் போகிறது. பெற்றோர் வந்தால் அவரைத்தான் தேடுகிறார்கள். ஆனால் பதவியில் அவர் உதவியாளர். போன ஆண்டு பட்டம் முடித்து வந்தவர் அவருக்கு மேலே இருக்கிறார். ஏன் இப்படி? பழங்குடியினர் ஒருவர் இத்துறைக்கு வந்தால் அவருடைய பணிவாழ்க்கை எப்படித்தான் அமைகிறது?"

பயிற்சிக்கு வந்த இடத்தில் இதைக் கவனித்தீர்களே, அதுவே பெரிது. நானும் இதே துறையில் வகுப்பறையிலும் பயிற்சி மேற்பார்வையிலும் இருந்தவள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரடியான பதில். ஆஸ்திரேலியாவின் மழலையர் கல்வித் துறை பழங்குடிப் பெண்களை நீண்ட காலம் கைவேலைக்கு மட்டுமே எடுத்துக்கொண்டது. ஆசிரியராக்கும் படிப்பை அவர்களுடைய ஊருக்கே கொண்டுபோன இடங்களில் அவர்கள் ஆசிரியர்களானார்கள். தலைமைப் பொறுப்புக்கும் வந்தார்கள். கொண்டுபோகாத இடங்களில் உதவியாளராகச் சேர்ந்து உதவியாளராகவே ஓய்வு பெற்றார்கள். திறமைக் குறைவு, ஆர்வமின்மை என்று சிலர் சொல்லும் காரணங்களை நம்பாதீர்கள்.

படிநிலை உங்களுக்குத் தெரியும். செர்டிபிகேட் 3 முடித்தவர் உதவியாளர். டிப்ளமோ இருந்தால் அறைப் பொறுப்பு. நான்காண்டுப் பட்டம் இருந்தால் மழலையர் ஆசிரியர். அதற்கு மேலே கல்வித் தலைவர், மைய இயக்குநர். 2012-இல் நாடு முழுவதற்கும் ஒரே தரச்சட்டகம் வந்தது. 2014 முதல், குழந்தை–பணியாளர் விகிதக் கணக்கில் வரும் பணியாளர்களில் பாதிப் பேராவது டிப்ளமோ வைத்திருக்க வேண்டும், அல்லது படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றாயிற்று. குழந்தைகளின் நன்மைக்காக வந்த விதி அது; நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் அதுவரை அனுபவத்தால் மதிக்கப்பட்ட பெண்கள் சான்றிதழ் கணக்கில் கீழே தள்ளப்பட்டார்கள். பல்கலைக்கழகத்துக்கு அருகில் இருந்தவர்கள் தப்பினார்கள்.

இதன் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் வெள்ளையர் பெற்றோர் ஆட்சேபித்தால் பழங்குடிப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்கலாம் என்ற விதி 1972 வரை ஆசிரியர் கையேட்டிலேயே இருந்தது. 1915-இல் திருத்தப்பட்ட சட்டம், நீதிமன்றத்துக்குப் போகாமலேயே பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து எடுத்துச்செல்ல அங்கிருந்த பழங்குடியினர் பாதுகாப்பு வாரியத்துக்கு அதிகாரம் கொடுத்தது. வாரியத்தின் பெயர் இடையில் மாறியது. 1969-இல்தான் அது கலைக்கப்பட்டது. ஏறத்தாழ 1910-இலிருந்து 1970 வரை பழங்குடிப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பிள்ளை முதல் பத்தில் ஒரு பிள்ளை வரை பிரிக்கப்பட்டிருக்கலாம் என்று 1997-இல் வந்த தேசிய விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. உங்கள் சக ஊழியரின் தாயோ பாட்டியோ இந்தக் காலத்தில் வளர்ந்தவராகவே இருப்பார். அரசுச் சின்னம் ஒட்டிய ஒரு கட்டடத்தில் மூன்று வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு வருவது அந்தக் குடும்பத்துக்கு எளிய காரியம் இல்லை. வாசலில் தெரிந்த முகம் ஒன்று நின்றால்தான் பிள்ளை உள்ளே வரும். அந்த முகமாக நிற்பதுதான் அவர் செய்யும் முதல் வேலை. பணி விவரப் பட்டியலில் அதற்கு ஒரு வரிகூட இருக்காது.

அரசு செய்யாததைப் பெண்கள் தாங்களே செய்த கதையும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் சிட்னியின் ரெட்ஃபெர்னில் பழங்குடிப் பெண்கள் சேர்ந்து பிள்ளைகளுக்குக் காலை உணவு கொடுக்கத் தொடங்கினார்கள். அது முராவினா என்ற பிரீஸ்கூலாக வளர்ந்தது. நடத்தியவர்கள், சமைத்தவர்கள், பாடம் சொன்னவர்கள் எல்லாரும் அந்தச் சமூகத்துப் பெண்களே. மெல்பர்னில் மாலி டையர் 1977-இல் விக்டோரியாவின் பழங்குடிக் குழந்தைகள் நல அமைப்பைத் தொடங்கினார். 1981-இல் ஸ்னெய்க் என்ற தேசிய அமைப்பு உருவானது. பழங்குடி, டோரஸ் நீரிணைத் தீவுக் குழந்தைகளுக்காக இன்றும் அதுதான் நாடு தழுவிய குரல். ஆகஸ்ட் 4-ஆம் தேதியைப் பழங்குடிக் குழந்தைகள் தினமாக 1988 முதல் அனுசரிப்பதும் அவர்கள் முயற்சியே. உங்கள் மையத்திலும் அந்த நாளைக் கொண்டாடுவார்கள் என்று நினைக்கிறேன்.

வடக்கே நடந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. நார்தர்ன் டெரிட்டரியில் 1973 முதல் இருமொழிக் கல்வி தொடங்கியது. ஒரு வகுப்பில் ஆங்கிலம் பேசும் வெள்ளை ஆசிரியர் ஒருவர், ஊர்மொழி பேசும் பழங்குடி உதவி ஆசிரியர் ஒருவர். பாடத்தைப் பிள்ளைக்குப் புரியவைத்தவர் இரண்டாமவர். சம்பளமும் பதவியும் முதலாமவருக்கு. வெள்ளை ஆசிரியர்கள் ஓரிரு ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார்கள். உதவி ஆசிரியர்கள் புதிதாக வருபவருக்கு மறுபடியும் எல்லாவற்றையும் கற்றுக்கொடுப்பார்கள்.

இதை மாற்றியது டார்வினுக்குத் தெற்கே சுமார் 100 கிலோமீட்டரில் உள்ள பேட்செலர் கல்லூரி. அங்கே பழங்குடி உதவி ஆசிரியர்களுக்கென்றே பயிற்சி அமைந்தது. பிறகு பயிற்றுநர்கள் ஊர்களுக்கே போய் உட்கார்ந்தார்கள். வேலை செய்துகொண்டே, தன் வகுப்பையே ஆய்வுக்களமாக வைத்துக்கொண்டு படிக்கலாம் என்ற ஏற்பாடு. பயன் கண்கூடாகத் தெரிந்தது. மாண்டவுய் யூனுபிங்கு டீக்கின் பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, 1990-இல் தன் சொந்த ஊரான யிர்கலாவின் பள்ளிக்குத் தலைமை ஆசிரியரானார். யோத்து யிண்டி என்ற இசைக்குழுவின் பாடகராகத்தான் உலகம் அவரை அறியும். அந்த ஊருக்கு அவர் முதலில் ஆசிரியர்.

அவருக்கும் முன்னோடி டேலி ஆற்றங்கரையைச் சேர்ந்த மிரியம்-ரோஸ் உங்குன்மர்-பௌமன். 1975-இல் நார்தர்ன் டெரிட்டரியிலேயே முழுத் தகுதி பெற்ற முதல் பழங்குடி ஆசிரியர் ஆனவர் அவர்தான். ஓவியம் அவருடைய கற்பித்தலின் நடுவில் இருந்தது. ஆங்கிலத்தில் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளை வரைந்து காட்டட்டும், அதிலிருந்து பேச்சும் எழுத்தும் வரட்டும் என்பது அவர் வழி. பின்னாளில் தன் ஊரான நவ்யூவின் பள்ளிக்கே தலைமை ஆசிரியரானார். 2021-இல் நாட்டின் மூத்த குடிமகன் விருதும் அவருக்குக் கிடைத்தது. பிள்ளையை அவசரப்படுத்தாமல் உடன் உட்கார்ந்து, பார்த்து, கேட்டு, காத்திருப்பதைப் பற்றி அவர் எழுதியதும் பேசியதும் இன்று நாடெங்கும் ஆசிரியர் பயிற்சிகளில் எடுத்துச் சொல்லப்படுகின்றன. மழலையர் ஆசிரியராக நினைக்கும் எவரும் அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் இந்த வெற்றி நிலைக்கவில்லை. 2008-இல் டெரிட்டரி அரசு, பள்ளிநாளின் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலத்திலேயே நடக்க வேண்டும் என்று அறிவித்தது. ஊர்மொழி ஆசிரியரின் இடம் ஒரே உத்தரவில் சுருங்கியது. ஊருக்கே வந்து கற்பிக்கும் பயிற்சிக்கும் பணம் குறைந்தது. மொழியைப் பள்ளியிலிருந்து எடுத்தால் அந்த மொழியின் ஆசிரியரையும் எடுத்ததாகத்தான் ஆகும். அது மிகப் பெரிய பிழை என்பதே என் கருத்து. குடியேற்றம் தொடங்கியபோது இந்நாட்டில் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. 2020-இல் வந்த தேசிய அறிக்கையின்படி, எல்லாத் தலைமுறையினரும் பேசும் வலுவான மொழிகள் 12 மட்டுமே.

இன்று உங்கள் சக ஊழியர் பட்டம் படிக்க நினைத்தால் என்னென்ன குறுக்கே நிற்கும்? வீட்டில் அவரை நம்பிப் பேரப்பிள்ளைகள், நோயாளிப் பெரியவர்கள் இருப்பார்கள். பயிற்சிக்காக ஊதியமின்றி வாரக்கணக்கில் வேறு மையத்தில் நிற்க வேண்டும். அந்த வாரங்களின் வாடகையை யார் கட்டுவது? குழந்தைகளோடு வேலை செய்யப் பின்னணிச் சரிபார்ப்பு வேண்டும், டெரிட்டரியில் அதற்கான அட்டையை ஓக்கர் அட்டை என்பார்கள். இளமையில் பதிவான ஏதோ ஒரு சிறு வழக்குக்காகப் பயந்து விண்ணப்பிக்காமலே விட்டவர்களை எனக்குத் தெரியும். விளக்கம் கொடுத்திருந்தால் பெரும்பாலும் கிடைத்திருக்கும். அதை அவர்களிடம் சொல்ல ஆள் இல்லை.

வழியும் இருக்கிறது. சில பல்கலைக்கழகங்கள் பழங்குடி மாணவர்களுக்காகத் தொகுதி முறையில் பாடம் நடத்துகின்றன. ஓராண்டில் சில முறை, ஒவ்வொரு முறையும் ஓரிரு வாரம் வளாகத்துக்குப் போய்ப் படித்துவிட்டு, மற்ற நாள்களில் தன் ஊரிலேயே வேலை செய்யலாம். 1969-இல் தொடங்கிய ஆப்ஸ்டடி உதவித்தொகைத் திட்டத்தில் அந்தப் பயணத்துக்கும் தங்குவதற்கும் பணம் உண்டு. அந்த வகுப்பில் சுற்றியிருப்பவர்களும் தன்னைப் போன்ற பெண்களே என்பது பணத்தைவிடப் பெரிய ஆதரவு. நூறு பேர் உள்ள அரங்கில் தான் ஒருத்திதான் என்ற நிலையில் பலர் முதல் ஆண்டிலேயே நின்றுவிடுகிறார்கள்.

இனி, உங்கள் சக ஊழியருக்குத் தெரிந்து மற்றவர்களுக்குத் தெரியாதவற்றுக்கு வருகிறேன். பாடப்புத்தகத்தில் கிடைக்காதவை இவை.

காதிலிருந்து தொடங்கலாம். பழங்குடிக் குழந்தைகளிடையே, குறிப்பாகத் தொலைதூர ஊர்களில், நடுச்செவி அழற்சி மிக அதிகம். காதில் சீழ் வடியும் நாள்பட்ட நோய் ஒரு சமூகத்தில் 4 சதவீதத்தைத் தாண்டினாலே அது பெரும் பொதுச்சுகாதாரப் பிரச்சினை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். பல ஊர்கள் அதை எத்தனையோ மடங்கு தாண்டியவை. இந்த அழற்சி வந்து வந்து போகும். இன்று கேட்கும் பிள்ளைக்கு அடுத்த மாதம் கேட்காது. புதிதாக வந்த ஆசிரியர், பிள்ளை சொன்னபடி கேட்பதில்லை, நடத்தைக் கோளாறு என்று எழுதிவைப்பார். அனுபவப்பட்ட பழங்குடி உதவியாளர் பிள்ளையின் பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிப் பார்ப்பார். மூக்கு ஒழுகுவதையும் ஒரு பக்கமாகத் தலை சாய்வதையும் கவனித்துத் தாயிடம் போய்ச் சொல்லுவார், செவிலியரிடமும் அவரே கூட்டிப்போவார். காலையில் எல்லாப் பிள்ளைகளையும் மூக்குச் சிந்த வைத்து, மூச்சை இழுத்து விட வைத்து, இருமவைக்கும் ஒரு பயிற்சி பல பிரீஸ்கூல்களில் நடக்கிறது. அதை விளையாட்டாக்கி நடத்துபவர் பெரும்பாலும் அவர்தான்.

அடுத்தது பேச்சு. "இது என்ன நிறம்?" என்று கேட்பது நமக்குச் சாதாரணம். கேட்பவருக்கு விடை தெரிந்திருந்தும் கேட்கும் கேள்விகள் பல பழங்குடிக் குடும்பங்களில் வழக்கமில்லை; பிள்ளை குழம்பி மௌனமாகும். அந்த மௌனத்தை அறியாமை என்று மதிப்பெண் போட்டுவிடுகிறோம். நேராகக் கண்ணைப் பார்க்காததும் அப்படியே தவறாகப் பதிவாகிறது. அவரோ பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து தானே ஒரு வேலையைத் தொடங்குவார். சிறிது நேரத்தில் பிள்ளை தானாகப் பேசும். பிள்ளைகள் பேசும் பழங்குடி ஆங்கிலத்தையும் வடக்கே வழங்கும் கிரியோல் என்ற கலப்பு மொழியையும் தப்பான ஆங்கிலம் என்று திருத்தாமல், முழு மொழியாக மதித்து, பள்ளி ஆங்கிலத்தை அதன் பக்கத்தில் இரண்டாவதாக வைக்கத் தெரிந்தவரும் அவர்தான்.

பிறகு உறவுமுறை. இதில் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. பல பழங்குடிச் சமூகங்களில் தாயின் சகோதரியும் தாய்தான். தாயின் சகோதரனுக்குத் தனி முறை. அவன் பிள்ளைகளும் தந்தையின் சகோதரி பிள்ளைகளும் முறைப்பிள்ளைகள். மானிடவியலாளர்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் கரியேரா மக்களின் உறவுமுறையையும் திராவிட உறவுமுறையையும் நெடுங்காலமாக ஒப்பிட்டுவருகிறார்கள். பெரியம்மா, சித்தி, மாமன் என்று வளர்ந்த உங்களுக்கு, "எனக்கு இரண்டு அம்மா" என்று சொல்லும் பிள்ளையைப் புரிந்துகொள்ள விளக்கவுரை தேவைப்படாது. சேர்க்கைப் படிவத்தில்தான் அதற்கு இடம் இல்லை. சில சமூகங்களில் மாமியாரும் மருமகனும் ஒரே அறையில் இருக்கக் கூடாது; அது தெரியாமல் பணிப்பட்டியல் போட்டால் ஒருவர் வேலைக்கே வரமாட்டார். ஒருவர் இறந்தால் அவர் பெயரைச் சொல்லாமல், படத்தை மறைத்துவைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. சுவரெங்கும் குடும்பப் படங்கள் ஒட்டியிருக்கும் நம் மழலையர் அறைகளில், எந்தப் படத்தை எப்போது எடுக்க வேண்டும், எப்போது திரும்ப மாட்டலாம் என்று சொல்லத் தெரிந்தவர் அவர் ஒருவரே.

இவ்வளவும் நிபுணத்துவம். ஆனால் இதற்குச் சம்பளம் கிடையாது. உங்களுக்குப் பாடமாக உள்ள தேசியக் கற்றல் சட்டகம் 2009-இல் வந்தது. 2022-இல் திருத்தப்பட்டபோது பழங்குடி, டோரஸ் நீரிணைத் தீவினர் பார்வைகள் என்பது தனிக் கொள்கையாகவே சேர்க்கப்பட்டது. மிக நல்ல மாற்றம். அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள்: திட்டத்தைச் சரிபார்க்க அவர், பெரியவர்களை அழைக்க அவர், சுவரில் வரைய அவர், ஆய்வாளர் வந்தால் எதிரே உட்காரவும் அவர். அவருடைய சமூகம் வேறு, மையம் நிற்கும் நிலம் வேறு சமூகத்தினுடையது என்றால், அந்த நிலத்தைப் பற்றிப் பேச அவருக்கு உரிமையே இல்லை. அதுவும் புரியாமல் கேட்பார்கள். நாள் முடிவில் உதவியாளரின் வேலைகள் அப்படியே மிச்சம் இருக்கும். இந்தச் சுமையால் துறையை விட்டே போனவர்கள் உண்டு.

எல்லாவற்றிலும் கடினமானது இன்னொன்று. குழந்தைக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தால் அரசுக்குத் தெரிவிப்பது நம் எல்லாருக்கும் சட்டக் கடமை. பழங்குடிப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு விகிதத்தில் குடும்பத்துக்கு வெளியே பராமரிப்பில் இருக்கிறார்கள். அவர் தெரிவிக்க வேண்டிய குடும்பம் அவருடைய சொந்தமாகவே இருக்கலாம். மாலையில் அதே தெருவுக்குத்தான் அவர் திரும்பிப் போக வேண்டும். அதனால் பிரச்சினை முற்றுவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்ப் பேசி, பாட்டியையோ அத்தையையோ துணைக்குக் கொண்டுவந்து குடும்பத்தைத் தாங்கிப்பிடிக்கிறார். எத்தனை பிள்ளைகள் அப்படி வீட்டிலேயே இருக்க முடிந்தது என்று எந்த அறிக்கையும் கணக்கெடுப்பதில்லை.

பணிவாழ்க்கை நன்றாக அமையும் இடங்களை நான் கண்டது சமூகமே நடத்தும் மையங்களில். சிட்னியின் லா பெரூஸில் உள்ள குஜாகா மையத்தில் பிள்ளைகள் தரவால் என்ற பழங்குடி மொழி கற்கிறார்கள். அங்கே மொழி தெரிந்தவர் மையத்துக்கே முக்கியமானவர். நடுப்பாலையில் வார்ல்பிரி மக்கள் 2005-இல் ஓர் அறக்கட்டளை அமைத்து, தங்கள் நிலத்துத் தங்கச் சுரங்கத்தின் உரிமைத்தொகையைக் கல்விக்கும் மழலையர் பராமரிப்புக்கும் ஒதுக்கினார்கள். யுவெண்டுமு, லாஜமனு போன்ற ஊர்களின் பெண்களுக்கு அதிலிருந்துதான் பயிற்சி வருகிறது. அரசு 2009-இல் தொடங்கிய கூட்டுத் திட்டத்தில் நாடெங்கும் 38 பழங்குடிக் குழந்தை–குடும்ப மையங்கள் உருவாயின. இப்படிப்பட்ட இடங்களில் செர்டிபிகேட்டோடு சேர்ந்தவர் இயக்குநராகும் பாதை கண்ணுக்குத் தெரியும், ஏனென்றால் இப்போதைய இயக்குநரும் அதே பாதையில் வந்தவர்.

இது முக்கியம் என்பதற்கு எண்களே சாட்சி. பள்ளிக்கு முந்தைய ஆண்டில் பிரீஸ்கூலில் சேரும் பழங்குடிப் பிள்ளைகள் 2016-இல் 76.7 சதவீதம்; அண்மை ஆண்டுகளில் 90-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் பள்ளி தொடங்கும்போது வளர்ச்சியின் ஐந்து துறைகளிலும் சரியாக உள்ள பிள்ளைகள் 2018-இல் 35.2 சதவீதம், 2021-இல் 34.3 சதவீதம். 2031-இல் 55 சதவீதம் என்பது அரசின் இலக்கு. பிள்ளைகளைப் பதிவேட்டில் சேர்த்தாயிற்று, அறைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் மிச்சம். அந்த அறையில் அவரை உதவியாளராகவே வைத்துக்கொண்டு இந்த இலக்கை எட்ட முடியும் என்று நான் நம்பவில்லை.

சம்பளத்தில் சிறிது முன்னேற்றம் உண்டு. 2024 டிசம்பர் முதல் அரசு உதவியோடு 10 சதவீத உயர்வும், ஓராண்டு கழித்து மேலும் 5 சதவீதமும் அறிவிக்கப்பட்டன. மையம் அந்தத் திட்டத்தில் சேர்ந்திருந்தால்தான் கிடைக்கும்.

நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். குழந்தைகளோடு தரையில் உட்காரும் வேலையே போதும், அலுவலக நாற்காலி வேண்டாம் என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு வேண்டியது அந்த வேலைக்கு உரிய சம்பளம். படிக்க விரும்பினால், முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழியில் அனுபவத்தையே பாட அலகுகளாகக் கணக்கிட முடியும். அதற்குச் சான்றுகள் வேண்டும், சான்று சேர்ப்பதில்தான் பெரும்பாலோர் களைத்துப்போகிறார்கள். துக்க காரியத்துக்கு அவர் ஊருக்குப் போக வேண்டியிருந்தால் அவருடைய நேரத்தை எடுத்துச் செய்யுங்கள். அது பல நாள் நீளலாம், ஏன் என்று கேட்காதீர்கள். பழங்குடி பற்றிய உங்கள் பாடத்துக்கான விவரங்களை அவரிடம் கறக்காமல், நூலகத்திலும் உள்ளூர்ப் பழங்குடி நிலச்சபையிலும் தேடுங்கள்.

உங்கள் பயிற்சி நாட்குறிப்பில் அவர் ஒரு பிள்ளையோடு வேலை செய்த விதத்தை, பிள்ளையின் பெயரைத் தவிர்த்து, தேதியோடு விவரமாக எழுதுங்கள். அவர் சம்மதித்தால் அவர் பெயரையும் சேர்த்து, உங்கள் மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கி, நகல் ஒன்றை அவரிடம் கொடுங்கள். முன்கற்றல் மதிப்பீட்டாளர்கள் கேட்பது இப்படிப்பட்ட காகிதத்தைத்தான்.